நான்கு நிமிட மைலும் இளம் ஓட்டவீரரும்: ஓர் ஒப்புநோக்கு

வரலாற்றாசிரியன் கையாளும் சான்றுகளுள் எண்ணைப்போல உறுதியுடையதாகத் தோன்றுவது பிறிதொன்றில்லை. கல்வெட்டின் எழுத்துத் தேயலாம். ஏட்டிற் பாடபேதம் புகலாம். கண்டோர் கூற்று விருப்பு வெறுப்பாற் கோணலாம். ஆனால், ஒரு நிறுத்தற் கடிகாரம் காட்டிய எண்ணை நாம் பெரும்பாலும் ஐயுறுவதில்லை. அவ்வெண் எந்த நிலத்தில், எவர் முன்னே ஓட, எத்தகைய சப்பாத்தணிந்து, எவ்வாறு பயின்ற கால்களாற் பெறப்பட்டது என்று வினவத் தொடங்கியதும் அதுவும் பிற சான்றுகளைப் போலப் பொருள் விரித்துக் கொள்ளவேண்டிய ஒன்றாகிவிடுகின்றது. வெவ்வேறு காலத்து இளைஞர் இருவரை அவர்தம் எண்களைக்கொண்டு ஒப்புநோக்குவது எளிதன்று என்பதை இக்கட்டுரையிற் காண முயல்வோம்.

இப்பொருளில் யான் கருத்துச் செலுத்தியதற்குச் சொந்தக் காரணம் ஒன்றுண்டு. முன்னர் யான் கற்பித்த ஒரு பாடசாலையில் விளையாட்டுப் பொறுப்பும் என்னிடம் இருந்தது. மண்டபத்துச் சுவரில் தொங்கிய சாதனைப் பலகையில், 1500 மீற்றர் ஓட்டத்துக்குரிய எண் பல ஆண்டுகளாக மாறாது நின்றது. ஒரு மாணவன் அதனை முறியடிக்கவேண்டுமென்று ஓராண்டு முழுவதும் ஓடினான். இல்ல மெய்வல்லுநர் போட்டியன்று இரண்டு செக்கன் பிந்தினான். "பழைய பிள்ளைகளின் உரம் உங்களிடம் இல்லை" என்று, கேட்டோர் நகைக்கும்படி, யான் கூறினேன். அடுத்த தவணையில் அவன் மைதானத்துக்கு வரவில்லை. பின்னர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பழைய கதைகள் பேசிக்கொண்டிருக்கையில், அந்நாளில் 300 மீற்றர்ச் சுற்றினைத் தாம் கயிறு பிடித்து அளந்ததாகவும், கயிறு ஓடுவரியின் நடுவிற் சென்றதாகவும் கூறினார். ஓடுவோர் உட்கோட்டை ஒட்டியே ஓடுவர். ஆகவே விதிப்படி உட்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் தள்ளி அளத்தல் வேண்டும். நடுவில் அளந்ததாற் சுற்றொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை மீற்றரும், ஐந்து சுற்றுக்குப் பன்னிரண்டு மீற்றருக்கு மேலும் பழைய சாதனையாளருக்கு மிச்சமாகியிருந்தது. இரண்டு செக்கனின் கணக்கு அதனுள் அடங்கிவிட்டது. பிழை பலகையினதன்று, பலகையை வாசித்த என்னுடையது.

இனி, உலகறிந்த ஓர் ஒப்பீட்டுக்கு வருவோம். ஒரு மைல் என்பது 1760 யார். பழைய 440 யார் ஓடுபாதையிற் சரியாக நான்கு சுற்று. சுற்றொன்றுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கின் எளிமையே நான்கு நிமிட மைலுக்கு ஒரு மந்திரத் தன்மையை அளித்தது. 1954ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் ஒக்ஸ்போட் நகரில் றோஜர் பானிஸ்ரர் என்னும் மருத்துவ மாணவர் 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடி அந்த எல்லையைக் கடந்தார். அப்போது அவருக்கு வயது 25. கிறிஸ் பிறாஷரும் கிறிஸ் சற்றவேயும் முறையே முன்னே ஓடி வேகம் அமைத்துக் கொடுத்தனர் என்பதை மறத்தலாகாது. தனியொருவர் சாதனை என்று நாம் போற்றுவது மூவர் கூடிச் செய்தது.

பத்தாண்டு கழிந்தது. 1964ஆம் ஆண்டு யூன் மாதம் 5ஆம் நாள் கலிபோர்ணியாவிலுள்ள கொம்ப்ரன் நகரில் நடந்த மைல் ஓட்டத்தில் எண்மர் நான்கு நிமிடத்துக்குள் ஓடினர். ஒரே ஓட்டத்தில் அத்தனை பேர் அவ்வெல்லையைக் கடந்தமை அதுவே முதன்முறை. அவ்வெண்மருள் இறுதியாக, 3 நிமிடம் 59.0 செக்கனில் வந்தவன், இன்னும் ஓராண்டுப் படிப்பு மீந்திருந்த பாடசாலை மாணவன். பெயர் ஜிம் றையன், வயது 17. எட்டாமிடம் பெற்றவனுடைய பெயரே அவ்வோட்டத்தில் இன்றும் நினைக்கப்படுகின்றது என்பது விந்தை.

றையன் 1947இற் கன்சாஸ் மாநிலத்து விச்சிற்றா நகரிற் பிறந்தவன். சிறுவயதிற் கேட்குந்திறன் ஓரளவு குன்றியவன். உயர்ந்து மெலிந்த உடலினன். விளையாட்டுக் குழுக்களிற் சேர முயன்று தள்ளப்பட்டவன். போட்டியில் முதன்முதல் ஓடிய மைலுக்கு அவனுக்கு 5 நிமிடம் 38 செக்கன் சென்றது. நம் கல்லூரிகளில் அதனிலும் விரைந்தோடும் மாணவர் ஆண்டுதோறும் உளர். அந்த எண்ணிலிருந்து ஒரு பயிற்றுநரும் நிலையான முயற்சியும் அவனைக் கொண்டு சென்ற தூரமே அவன் கதையின் வியப்பு.

பயிற்றுநர் பெயர் பொப் திம்மன்ஸ். அவர் நீச்சலும் பயிற்றியவர். நீச்சல் வீரர் நாளுக்கு இருமுறை நீருள் இறங்கி, குறுந்தூரங்களை எண்ணற்ற தடவை மீட்டும் மீட்டும் நீந்துவர். அம்முறையை அவர் ஓட்டத்துக்கு மாற்றினார். காலையில் நெடுந்தூரம், மாலையில் 440 யார்த் தூரத்தை இருபது முறை, சில நாள்களில் நாற்பது முறை; இடையிற் சிறிது இளைப்பு. வாரத்துக்கு நூறு மைல் அளவுக்கு ஓடும் பாடசாலை மாணவனை அந்நாளிற் காண்பது அரிது. நான்கு நிமிடத்துக்குள் ஓடும் முதற் பாடசாலை மாணவன் நீயே ஆவாய் என்று திம்மன்ஸ் அவனுக்குக் கூறியபோது, றையன் அவ்வெல்லைக்குக் கிட்டியும் வந்திருக்கவில்லை. பயிற்றுநர் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்டமையால் இறுதியாண்டில் எட்மிஸ்ரன் என்பவர் அவனைப் பயிற்றினார். பின்னர் றையனும் அதே பல்கலைக்கழகத்தை அடைந்தான்.

1965 மே மாதம் 15ஆம் நாள் விச்சிற்றாவில் நடந்த மாநிலப் பாடசாலைப் போட்டியில் அவன் 3 நிமிடம் 58.3 செக்கனில் ஓடினான். என் கருத்தில் அவனுடைய பாடசாலை ஓட்டங்களுள் இதுவே தலையாயது. உடன் ஓடியோர் யாவரும் மாணவர். முன்னே ஓடி வேகம் அமைக்க அங்கே எவரும் இலர். பின்னே மூச்சொலி கேட்பித்துத் துரத்துவாரும் இலர். பாதையோ நிலக்கரிக் கசடு பரப்பியது. இத்தகைய பாதையில், ஆணிச் சப்பாத்துப் பதியுந்தோறும் கசடு சற்றே பின்னுக்குச் சரியும். உந்துவிசையின் ஒரு பங்கு நிலத்திலே வீணாகும். முன்னே ஓடியோர் கிளறிய உள்வரியிற் பின்னர் ஓடுவோர் மேடுபள்ளம் மிதித்தே செல்வர். மழை பெய்தாற் சேறு. வெயில் நீடித்தாற் புழுதி. சுற்றொன்றுக்கு ஒரு செக்கன் வரை இதனால் இழக்கப்படும் என்று மதிப்பிடுவோர் உளர். ஆனால், நன்கு உருட்டி நனைத்த பாதைக்கும் பராமரிப்பற்றதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஆதலின் எல்லாவற்றுக்கும் ஒரே கழிவு கணக்கிடுதல் பொருந்தாது.

ஆறு வாரம் சென்றபின், யூன் 27ஆம் நாள், சான் டியேகோவில் வளர்ந்தோருடன் ஓடி 3 நிமிடம் 55.3 செக்கனில் வென்றான். தோற்றோருள் ஒருவர் நியூசிலாந்தின் பீற்றர் ஸ்நெல். முந்திய ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் 800 மீற்றர், 1500 மீற்றர் ஆகிய இரண்டிலும் தங்கம் பெற்றவர். ஸ்நெல் தம் ஓட்டவாழ்வின் இறுதிக் கோடையில் இருந்தார் என்பதையும் நேர்மை கருதிச் சொல்லல் வேண்டும். றையனின் இந்த எண் அமெரிக்கப் பாடசாலைச் சாதனையாக 36 ஆண்டுகள் நிலைத்தது.

அக்காலத்து இளைஞரெல்லாரும் கடிகாரத்துக்கு அடிமைப்பட்டே பயின்றனர் என்று எண்ணிவிடலாகாது. றையனுக்குச் சில ஆண்டு முன்னர் அவுஸ்திரேலியாவில் ஹேர்ப் எலியற் தோன்றினார். அவரைப் பயிற்றிய பேர்சி செருற்றி, அளந்து எண்ணி ஓடும் முறையை இகழ்ந்தவர். போட்சீக் கடற்கரையில் மணற்குன்றுகளின்மீது இளைஞரை ஓடி ஏறச் செய்தார். பாரந் தூக்கச் செய்தார். சமைக்காத தானிய உணவை உண்ணச் செய்தார். நூல்களையும் வாசிக்கச் சொன்னார். எலியற் 1958 சனவரியில், இருபது வயது நிறையுமுன்னரே, நான்கு நிமிடத்துக்குள் ஓடினார். அதே ஆண்டு ஆகஸ்டில் டப்ளினில் 3 நிமிடம் 54.5 செக்கன் என்று உலக சாதனை நிறுவினார். 1960இல் உரோமாபுரி ஒலிம்பிக்கில் 1500 மீற்றரை 3 நிமிடம் 35.6 செக்கனில் வென்று, இரண்டாமவரை ஏறத்தாழ மூன்று செக்கன் பின்னே விட்டார். வளர்ந்தோர் போட்டிகளில் மைலிலோ 1500 மீற்றரிலோ அவர் ஒருபோதும் தோற்றிலர். பின்னர் விரைவில் ஓட்டத்தையே துறந்தார். மணற்குன்று சிறந்ததோ, நாற்பது முறை 440 யார் சிறந்ததோ என்று மாணவர் என்னிடம் வினவுவதுண்டு. இரண்டு முறைகளும் உலக சாதனை ஈன்றன. ஒன்றைப் பின்பற்றியவர் வெல்லப்படாமலே விலகினார். மற்றதைப் பின்பற்றியவர் நெடுநாள் ஓடித் துன்புற்றார். இதற்கு மேல் ஒரு தீர்ப்புக் கூற என்னால் இயலவில்லை.

வாஷிங்டன் மாநிலத்து ஜெரி லிண்ட்கிறென் என்பவனும் றையன் காலத்தவனே. 1964 யூலையில் லொஸ் ஏஞ்சலிசில் சோவியத் வீரரை 10,000 மீற்றரில் வென்றபோது அவனுக்கு வயது 18. அவ்வாண்டு 5000 மீற்றரில் அவன் நிறுவிய 13 நிமிடம் 44.0 செக்கன் என்ற பாடசாலைச் சாதனை 40 ஆண்டுகள் நின்றது. தோக்கியோவிற் கணுக்கால் சுளுக்கி ஒன்பதாமிடமே பெற்றான்.

இங்கே வரலாற்று மாணவன் ஒரு புதிரைச் சந்திக்கின்றான். 1966இல் ஒருவனும் 1967இல் மாட்டி லிக்குவோறி என்னும் மற்றொருவனும் றையனைத் தொடர்ந்து பாடசாலையிற் பயிலும்போதே நான்கு நிமிடத்துக்குள் ஓடினர். அதன்பின் 34 ஆண்டுகள் அமெரிக்கப் பாடசாலை மாணவர் எவரும் அதனைச் செய்திலர். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கிற் செயற்கை ஓடுபாதை முதன்முதல் விரிக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் அது பாடசாலைகளுக்கும் பரவிற்று. மழையிலும் வெயிலிலும் ஒரே தன்மையுடைய, காலை மீள உந்துகின்ற பாதை அது. பாதையே காரணமாயின், 1970க்கும் 2000க்கும் இடையில் நான்கு நிமிட மாணவர் பலர் தோன்றியிருத்தல் வேண்டும். ஒருவருந் தோன்றவில்லை. ஆகவே, 'கசட்டுப் பாதையிற் கடினம், செயற்கைப் பாதையில் எளிது' என்ற வாய்பாடு மட்டும் போதாது.

காரணங்கள் பல கூறுவர். அளவு மிஞ்சிய ஓட்டம் இளைஞரை அழிக்கும் என்றஞ்சிப் பயிற்றுநர் பலர் தூரத்தைக் குறைத்தனர் என்பது ஒன்று. எவரும் எளிதிற் சரிபார்க்கத்தக்க பிறிதொரு காரணம் உண்டு. 1980ஐ அண்டிய காலத்தில் அமெரிக்கப் பாடசாலைப் போட்டிகள் மீற்றர் அளவைக்கு மாறின. மைலுக்குப் பதிலாக 1600 மீற்றர் ஓடப்பட்டது. மைலினும் அது 9.344 மீற்றர் குறைவு. இத்தூரம் சிறிதாயினும் விளைவு பெரிது: மாணவர் மைல் ஓடும் வாய்ப்பே அருகிற்று. ஓடப்படாத தூரத்தில் சாதனை எங்ஙனம் முறியும்? பாதை சீர்பட்ட அதே காலத்திற் பயிற்சி குறைந்தது, தூரமும் மாறிற்று. ஒரு கை கொடுத்ததை மறு கை பறித்தது.

இந்நிலையில் அலன் வெப் தோன்றினான். 1983இற் பிறந்து, வேர்ஜினியா மாநிலத்து றெஸ்ரன் நகரிற் படித்தவன். முதலில் நீச்சல் பயின்றவன். நீச்சலின் பயிற்சிமுறையாற் பயின்ற றையனும் நீச்சற்குளத்திலிருந்தே வந்த வெப்பும் இவ்விடத்திற் சந்திப்பது கவனிக்கத்தக்கது. வெப்பைப் பயிற்றியவர் ஸ்கொற் ராஸ்கோ. 2001 சனவரியில் நியூயோர்க் உள்ளரங்கில் 3 நிமிடம் 59.86 செக்கன் ஓடி அவன் 34 ஆண்டு வறட்சியை முடித்தான். மே மாதம் 27ஆம் நாள் ஒரிகன் மாநிலத்து யூஜீன் நகரில் உலகப் புகழ் வீரருடன் ஓடினான். மொறொக்கோ நாட்டு ஹிஷாம் எல் குறூஜ் 3 நிமிடம் 49.92 செக்கனில் வென்றார். பெரும்பகுதி தூரம் பின்வரிசையிற் பொறுமையாக ஓடிய வெப், இறுதிச் சுற்றிற் பலரை முந்தி, 3 நிமிடம் 53.43 செக்கனில் ஐந்தாமிடம் பெற்றான். றையனின் சாதனை வீழ்ந்தது.

இவ்விருவரின் ஓட்டங்களையும் அருகருகே வைத்து நோக்குவாம். றையனுக்குச் சான் டியேகோவில் 18 வயதும் 59 நாளும். வெப்புக்கு யூஜீனில் 18 வயதும் 134 நாளும். வயது ஏறத்தாழ ஒன்றே. நேர வேறுபாடு 1.87 செக்கன், வெப்பின் வேகத்தில் அது 13 மீற்றருக்குச் சிறிது குறைவான தூரம். றையனுக்குரிய எண் கையாற் கடிகாரம் அழுத்திப் பெற்றது. வெப்புக்குரியது மின்கருவி பதிந்தது. துப்பாக்கியின் புகையைக் கண்டு விரல் அழுத்துவதற்குள் ஒரு சிறு பொழுது கழியுமாதலாற் கைக்கடிகாரம் ஓட்டவீரனுக்குச் சற்றே இரங்கும். எனவே கடிகாரத்தைத் திருத்தினால் றையனுக்கு நட்டம். பாதையைத் திருத்தினால் இலாபம். பாதையாற் பெறும் இலாபம் பெரிது. செயற்கைப் பாதையிற் சான் டியேகோ றையன் வெப்புக்கு முன்னே சென்றிருப்பான் என்று யான் எண்ணுகின்றேன், மெய்ப்பித்தல் இயலாது.

பிறிதோர் அளவுகோலும் உண்டு. 1965 யூனில் உலக சாதனை பிரான்சின் மிஷேல் ஜாசிக்குரிய 3 நிமிடம் 53.6 செக்கன். பதினெட்டு வயது றையன் அதற்கு 1.7 செக்கன் மட்டுமே பின்னின்றான். மறு ஆண்டு தானே 3 நிமிடம் 51.3 செக்கனில் அதனை முறித்தான். 2001இல் உலக சாதனை எல் குறூஜுக்குரிய 3 நிமிடம் 43.13 செக்கன், வெப் அதற்கு 10.3 செக்கன் பின்னின்றான். தன் காலத்தின் உச்சிக்கு எவன் அருகில் நின்றான் என்று கேட்பின் விடை ஐயத்துக்கிடமின்றி றையனே. ஆயின், இவ்வளவுகோலும் வளைந்தது. 1965இல் மைல் ஓட்டத்தின் உச்சியில் நின்றோர் ஒரு சில நாட்டினரே. கெனியாவின் கிப்சோகே கெய்னோ அப்பொழுதுதான் புகழடையத் தொடங்கியிருந்தார். 2001க்குள் கெனியா, எதியோப்பியா, மொறொக்கோ, அல்ஜீரியா ஆகிய நாடுகளின் இளைஞர் உலக அரங்கை நிறைத்துவிட்டனர். சிறு சபையிற் முதலிருக்கைக்கு அருகிலிருத்தலும் பெருஞ்சபையிற் சற்றுத் தள்ளியிருத்தலும் ஒரே கோலால் அளக்கப்படா.

பாதை, கடிகாரம், சப்பாத்து, சூழ ஓடியோர் என்று இதுவரை எண்ணியவற்றுள் யான் முதன்மையாகக் கருதும் நிலைமை இன்னும் வரவில்லை. றையனுக்கு முன் றையன் இலன். பாடசாலை மாணவன் எவனும் செல்லாத இடத்துக்கு அவன் சென்றான். எத்தனை செக்கனில் ஓடினும் அதுவே எல்லை. வெப்புக்கு முன்னோ 36 ஆண்டுகளாக ஒரு பெயர் நின்றது. யூஜீன் மாலையோடு அவன் அப்பெயரின் வாரிசாக்கப்பட்டான். அதன்பின் அவன் ஓடிய ஒவ்வோர் ஓட்டமும், றையன் இந்த வயதில் என்ன செய்தான் என்ற கேள்வியோடே வாசிக்கப்பட்டது. றையன் 19 வயதில் உலக சாதனையாளன். வெப் 19 வயதில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தை ஓராண்டில் விட்டுப் பழைய பயிற்றுநரிடம் மீண்டவன். ஒப்பீடு என்பது ஓட்டம் முடிந்தபின் நாம் செய்வது என்றே எண்ணுகின்றோம். வெப்புக்கு அது ஓட்டத்துக்கு முன்னரே தொடங்கிய ஒரு நிலைமை. எதிர்காற்றைப் போல மார்பில் மோதியது.

றையனும் அச்சுமையிலிருந்து தப்பியவன் அல்லன். அவன் தன் பழைய எண்களோடு ஒப்பிடப்பட்டான். 1967இல் 3 நிமிடம் 51.1 செக்கன் என்று சாதனையைத் திருத்தினான். அது 1975 வரை நின்றது. 1968இற் சுரப்பிக் காய்ச்சல் கண்டது. பின்னர் மெக்சிக்கோ நகர். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2240 மீற்றர் உயரம். உயிர்வளி குறைந்த வளிமண்டலம். மேட்டுநிலத்திற் பிறந்து வளர்ந்த கெய்னோ தொடக்கம் முதலே விரைந்து சென்று 3 நிமிடம் 34.91 செக்கனில் வென்றார். றையன் 3 நிமிடம் 37.89 செக்கனில் வெள்ளி பெற்றான். காய்ச்சலிலிருந்து எழுந்த ஒருவன் அவ்வுயரத்திற் பெற்ற அந்த வெள்ளியைத் தோல்வி என்று அவன் நாட்டுப் பத்திரிகைகள் பல எழுதின. 1969இல் ஒரு தேசியப் போட்டியின் நடுவே பாதையை விட்டு வெளியேறி, ஒன்றரை ஆண்டுக்கு மேலாகப் போட்டிகளை விட்டு நின்றான். அப்போது அவனுக்கு வயது 22. மீண்டு வந்து 1972 மியூனிச்சில் முதற்சுற்றிலேயே பிறரோடு மோதி வீழ்ந்தான். பிற்காலத்திற் கன்சாஸ் மாநிலப் பிரதிநிதியாக அமெரிக்கக் காங்கிரசில் அமர்ந்தார்.

வெப் 2004 ஏதென்சில் முதற்சுற்றோடு நின்றான். 2007 யூலை 21ஆம் நாள், பெல்ஜியத்திலுள்ள பிறஸ்காற் என்னும் சிறிய ஊரின் போட்டியில், 3 நிமிடம் 46.91 செக்கனில் மைலை ஓடினான். 1982 முதல் ஸ்ரீவ் ஸ்கொற்றிடம் இருந்த அமெரிக்கச் சாதனை வீழ்ந்தது. றையன் தன் வாழ்நாளில் ஓடிய எந்த மைலையும்விட அது நான்கு செக்கன் விரைவானது. உலகச் சாதனையாளரும் ஒலிம்பிக் ஆரவாரமும் இல்லாத அவ்வூரில், எவருடைய வாரிசும் ஆகாமல் அவன் ஓடினான் என்று எனக்குத் தோன்றுகின்றது. அடுத்த மாதம் தொடங்கிய ஒசாகா உலகப் போட்டியில் எட்டாமிடமே வந்தான். 2008 ஒலிம்பிக் குழுவில் இடம்பெறவில்லை. அவனை 'நிறைவேறாத வாக்குறுதி' என்று எழுதுவோரை இன்றும் காண்கின்றோம். வாக்குறுதி அளித்தவன் அவனல்லன்.

இன்றைய நிலையைச் சுருங்கக் கூறுவோம். 2017 மே மாதம் அதே யூஜீனில் நோர்வேயின் யாக்கொப் இங்கெபிறிக்ற்சன் 16 வயதில் 3 நிமிடம் 58.07 செக்கன் ஓடினான். தமையன்மார் இருவர் முன்பே உலகத்தர ஓட்டவீரர். சிறுவயது முதலே முறையான பயிற்சி. பயிற்சியின் கடுமையை இரத்தத்துளி எடுத்து அளக்கும் வழக்கம். திம்மன்ஸ் கடிகாரங்கொண்டு கணித்ததை இவர்கள் குருதிகொண்டு கணித்தனர். 2021இல் தோக்கியோவில் 1500 மீற்றர்த் தங்கமும் 2024இற் பாரிசில் 5000 மீற்றர்த் தங்கமும் அவர் பெற்றார். அவுஸ்திரேலியாவின் கமரன் மயேர்ஸ் 2023 பெப்ரவரியில் 16 வயதில் 3 நிமிடம் 55.44 செக்கன் ஓடினான். நியூசிலாந்தின் சாம் றூத் 2025 மார்ச்சில் ஓக்லாந்தில், மழையில், 15 வயதிலேயே 3 நிமிடம் 58.35 செக்கன் ஓடினான். ஒலிம்பிக் வீரர் ஒருவரே அவனுக்கு வேகம் அமைத்துத் துணையாக ஓடினார். விச்சிற்றாவில் தனியே ஓடிய 18 வயது றையனின் எண்ணுக்கும் இவனுடைய எண்ணுக்கும் வேறுபாடு ஒரு செக்கனின் இருபதிலொரு பங்கு. இடையிலோ அறுபது ஆண்டுகள், செயற்கைப் பாதை, 2020ஐ அண்டி வந்த மீளுந்தும் அடித்தட்டுச் சப்பாத்து, துணையோட்டம். மறுபுறத்திலோ மூன்று வயதின் இளமை. இரண்டையும் ஒரு தட்டில் இட்டு நிறுக்கும் தராசு என்னிடம் இல்லை.

இப்பொழுது எமது இல்ல மெய்வல்லுநர் போட்டிப் பதிவேட்டில் நேரத்துக்குரிய நிரலின் அருகே வேறு நான்கு நிரல்கள் வரைந்திருக்கின்றேன். சுற்றின் அளவு எங்கிருந்து எடுக்கப்பட்டது, நிலம் காய்ந்ததோ நனைந்ததோ, சப்பாத்தோ வெறுங்காலோ, முன்னே ஓடியவர் எவர் என்பன அவை. பதிவெழுதும் மாணவத் தலைவர்கள் இதனை வீண் வேலை என்று முணுமுணுக்கின்றனர். சென்ற ஆண்டு 1500 மீற்றர் வரிக்கு எதிரே அவர்களுள் ஒருவன் எழுதியிருந்தது: "மழை விட்ட பின் ஓடியது. வடக்கு வளைவில் நீர் நின்றது. இவன் வெறுங்காலுடன், தனியே முன்னே ஓடினான்."